வாசலை அளந்தவர்

நீங்க தமிழ்தானே சார்? பையில தமிழ்ல எழுதியிருக்கு, அதான் கேட்டேன். உக்காருங்க. சன்னல் ஓரம் வேணாம், அந்தக் கண்ணாடி ஏறாது. இந்த ஊர்ல மழை சொல்லிட்டு வராது. எங்க போறீங்க, சுய்யாக்கா? நானும் அங்கதான். பஸ் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு.

வீடு பார்க்கவா? ரிட்டயர் ஆகி மொரீஷியஸ்லயே வந்து தங்கலாம்னா? ம். தங்கலாம். கடல் இருக்கு, கோயில் இருக்கு, குளிர் இல்லை. விளம்பரத்துல போட்டிருக்கிறதெல்லாம் உண்மைதான். போடாத விஷயம் ஒண்ணு இருக்கு. அக்கம்பக்கத்து ஆளுங்க. அதை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டாங்க. நான் சொல்றேன்.

என் பேரு தணிகாசலம். புதுச்சேரி, முதலியார்பேட்டை. இருபத்தாறு வயசுல பிரான்சுக்குப் போனேன். பாரிசுக்கு வெளியே ஒரு பெரிய கடை, நாலு மாடி. அதுல திருட்டுப் பிடிக்கிற வேலை. யூனிஃபார்ம் கிடையாது, மஃப்டி. கூடையைத் தூக்கிக்கிட்டு வாங்க வந்தவன் மாதிரியே சுத்துவேன். இருபத்தெட்டு வருஷம். ஒருத்தர் நடந்து வர்றதை வச்சே சொல்லிடுவேன், இவர் வாங்க வந்தவரா, எடுக்க வந்தவரான்னு. பொம்பளைங்க கைப்பையை எத்தனை ஆயிரம் தடவை திறந்து பார்த்திருப்பேன், கணக்கே இல்லை. என்னை ஏமாத்த முடியாது சார். பெருமைக்குச் சொல்லலை, தொழில் அப்படி.

இங்க வரணும்னு சொன்னது என் பெண்சாதிதான். அமிர்தவல்லி. வல்லின்னு கூப்பிடுவேன். எனக்குப் புதுச்சேரிக்கே போயிடலாம்னு எண்ணம், ஆனா அங்க வீட்டை அண்ணன் தம்பிங்க வித்தாச்சு. பையன் நிர்மல் லியோன்ல இருக்கான், நல்ல வேலை, ரொம்ப பிஸி. ஒரு தடவை பத்து நாள் லீவுல இங்க சுத்திப் பார்க்க வந்தோம். சுய்யாக் பக்கம் ஒரு தெருவுல யாரோ இறந்து போய், ஊரே பின்னாடி நடந்து போயிட்டிருந்துது. எங்க கார் அரை மணி நேரம் நின்னுது. எனக்கு எரிச்சல். வல்லி இறங்கி நின்னு பார்த்துட்டே இருந்தா. கார்ல ஏறினதும், "ஏங்க, கடைசிக் காலத்துல இங்க வந்துடலாமா?"ன்னா. கடல் பிடிச்சிருக்குபோலன்னு நினைச்சேன்.

போன வருஷம் செப்டம்பர்ல வந்தோம். சின்ன வாடகை வீடு, ரெண்டு ரூம், முன்னாடி கொஞ்சம் தோட்டம். சாமான் இறக்கி முடிக்கலை, பக்கத்து வீட்டுக்காரர் சௌசௌ காய் ஒரு கூடை நிறையத் தூக்கிக்கிட்டு வந்துட்டார். தயாளென் கூப்பூசாமி. ஆமா, குப்புசாமிதான், அவங்க குடும்பம் இங்க வந்து நூத்தம்பது வருஷத்துல கூப்பூசாமியாகி இருக்கு. எழுபத்தொரு வயசு. சர்க்கரை ஆலையில கரும்பு லாரிங்களை எடை போட்டவர். தமிழ் பேச வராது. அவர் கிரியோல் பேசுவார், இந்த ஊர்ப் பேச்சு, பாதி பிரெஞ்சு மாதிரி; நான் பிரெஞ்சு பேசுவேன், ஓடிடும்.

முதல் நாள் என்ன கேட்டார் தெரியுமா? முழுப்பேர் என்ன. அப்பா பேர் என்ன. பிறந்த தேதி. என்ன நட்சத்திரம். பிள்ளைங்க எத்தனை, எங்க இருக்காங்க, போன் நம்பர் என்ன. இந்த ஊர்ல சொந்தக்காரங்க யாராவது உண்டா. முதல் நாள் சார்! காயைக் கையில குடுத்துட்டு இதையெல்லாம் கேட்டா என்ன அர்த்தம்? நான் பிடி கொடுக்கலை. வல்லி எல்லாத்தையும் சொல்லிட்டா. அவர் போனப்புறம் கேட்டேன், "போலீஸ்ல கூட இவ்வளவு கேக்கமாட்டான், நீ பாட்டுக்குச் சொல்றியே?"

"அன்பா கேக்கறாரு, சொன்னா என்ன?"

"அன்பா கேக்கறவன்தான் ஆபத்து."

அவ சிரிச்சிட்டு சௌசௌவை நறுக்கப் போயிட்டா.

அடுத்த வாரம் போட்டோ எடுக்க வந்தார். தோட்டத்துல ரெண்டு பேரையும் நிக்க வச்சு, "சிரிங்க மடாம், சிரிங்க முசே"ன்னு. முசேன்னா இங்க ஐயா மாதிரி. எதுக்குன்னு கேட்டேன். "சும்மா, ஞாபகத்துக்கு"ன்னார். ஞாபகத்துக்கு அவங்க வீட்டுப் போட்டோ எடுக்கட்டுமே, எங்க போட்டோ எதுக்கு?

சரி, அதை விடுங்க. அக்டோபர்ல ஒரு நாள் கடைக்குப் போயிட்டு வர்றேன். எங்க வாசல்ல நிக்கிறார் மனுஷன். கையில டேப். கதவு அகலத்தை அளக்கிறார். அளந்து, ஒரு சின்ன நோட்டுல எழுதிக்கிறார். அப்புறம் படிக்கட்டை அளக்கிறார். வல்லி பக்கத்துல நின்னு டேப்போட இன்னொரு முனையைப் பிடிச்சிட்டிருக்கா!

"என்ன முசே, என்ன பண்றீங்க?"ன்னேன்.

கொஞ்சம் தடுமாறினார். "கதவு... நல்ல கதவு"ன்னார்.

நல்ல கதவாம். நீங்களே சொல்லுங்க சார். ஒருத்தர் உங்க பிறந்த தேதியை வாங்கறார், போட்டோவை எடுக்கறார், வாசலை அளக்கறார். உங்களுக்குச் சந்தேகம் வருமா வராதா? அன்னைக்கே கேட்டுக்கு ரெண்டு போல்ட் வாங்கிப் போட்டேன். பின்கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். வெளியே போறப்போ கதவு இடுக்குல நூல் வச்சுட்டுப் போவேன், யாராவது திறந்தா விழுந்து கிடக்கும்.

வல்லி வியாழக்கிழமை வியாழக்கிழமை சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பிச்சா. கேட்டா, "பொம்பளைங்க கூடிப் பேசறோம்"பா. அடுத்தவங்க விஷயத்துல மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனா ஒரு வியாழக்கிழமை பின்னாடியே போனேன். அவர் வீட்டு கராஜ்ல காரே கிடையாது, பெஞ்சு போட்டிருக்கு. வாழைமரத்துக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். எட்டுப் பேர், ஆம்பளைங்களும் உண்டு. வல்லி நடுவுல உக்காந்து ஒரு பழைய புத்தகத்தை வச்சு ஏதோ படிக்கிறா, எல்லாரும் குனிஞ்சு எழுதறாங்க. மேஜை மேல நீளமா ஒரு பதிவேடு. அதுல போட்டோ போட்டோவா ஒட்டியிருக்கு. எல்லாம் கிழடுங்க. கடைசிப் பக்கத்துல வல்லி. அவளுக்குப் பக்கத்துல நான்.

மறுநாள் காலையில நேரா போலீஸ் ஸ்டேஷன். ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா, சட்டையில வீராபென்னு பேர் போட்டிருந்துது. தேதி, நேரம் எல்லாம் எழுதி வச்சிருந்தேன், வரிசையா சொன்னேன். போட்டோ, பிறந்த தேதி, டேப். கடைசி வரைக்கும் பொறுமையா கேட்டுது. அப்புறம் வாயைப் பொத்திக்கிச்சு. சிரிப்பு.

"முசே, அது சாவுச் சங்கம்"ன்னுது. "இந்தத் தெருவுல யாராவது இறந்தா அவங்கதான் எல்லாம் பார்ப்பாங்க. பெட்டி, பந்தல், சமையல், ரேடியோவுல அறிவிப்பு, பாட்டு, எல்லாம். எங்க அப்பாவுக்கு அவங்கதான் வந்தாங்க. வாசலை அளக்கிறது பெட்டி நுழையுமான்னு பார்க்க. ஒரு தடவை ஒரு வீட்டுல நுழையாம ரொம்ப அவமானமாயிடுச்சு. அதுல இருந்து முன்கூட்டியே அளந்து வச்சுக்கிறாங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. அறுபத்தெட்டு வயசு, தினம் நாலு கிலோமீட்டர் நடக்கிறவன். எனக்குப் பெட்டி அளக்கறான் ஒருத்தன்! நேரா அவர் வீட்டுக்குப் போனேன். அவர் குழாயடியில நின்னு கீரை அலசிட்டிருந்தார்.

"நான் உயிரோட இருக்கேன் முசே தயாளென்!"

"தெரியுது முசே"ன்னார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"மடாம் சொல்ல வேண்டாம்னாங்க. நீங்க கோவிச்சுக்குவீங்களாம்."

வீட்டுக்கு வந்து வல்லியைக் கேட்டேன். சண்டை போடலாம்னுதான் வந்தேன். அவ அடுப்பை அணைச்சுட்டு, கையைத் துடைச்சுட்டு, உக்காந்தா. "மரைக்காயர் ஐயாவை நினைச்சுப் பார்த்தீங்களா எப்பவாவது?"ன்னா.

இஸ்மாயில் மரைக்காயர்னு காரைக்கால்காரர் ஒருத்தர். பாரிஸ்ல எங்களுக்கு மேல் மாடி. தனியாள். ஒரு குளிர்காலம் மேல இருந்து சத்தமே இல்லை. வல்லி சொன்னா, "மூணு நாளா நடக்கிற சத்தம் கேக்கலைங்க, போய்க் கதவைத் தட்டுங்க"ன்னு. மத்தவங்க வீட்டுக் கதவை நாம எதுக்குத் தட்டணும்? ஊருக்குப் போயிருப்பார்னு சொன்னேன். பன்னெண்டாம் நாள் தீயணைப்புக்காரங்க வந்து கதவை உடைச்சாங்க. அவ்வளவுதான் விஷயம். எப்பவோ நடந்தது. அதைப் போய் இத்தனை வருஷமா மனசுல வச்சிருக்கா. சட்டப்படி நான் செஞ்சதுல தப்பு எதுவும் இல்லை சார்.

டிக்கெட்டைப் பத்திரமா வச்சுக்கங்க, நடுவுல செக்கிங் வருவாங்க.

அப்புறம் ஜனவரி. புயல் காலம். இங்க புயலுக்கு ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எச்சரிக்கை. மூணு வந்தா வெளிய போகக் கூடாது. அன்னைக்குக் காலையிலயே மூணு. ஏர்போர்ட்டை மூடிட்டாங்க. சன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சேன். கேட்டுக்கு ரெண்டு போல்ட்டும் போட்டேன், பூட்டும் போட்டேன். புயல்லதானே திருடன் வருவான்? வல்லி, "எல்லாரும் கராஜ்ல கூடறாங்களாம், நாமளும் போலாமா"ன்னா. அந்தப் பெட்டிக்காரங்களோடவான்னு கேட்டேன்.

மத்தியானம் மூணு மணி இருக்கும். காத்து ஊளையிடுது. வல்லி சமையல்கட்டுல ஸ்டூல்ல உக்காந்து பயறு பொறுக்கிட்டிருந்தா. "ஏங்க"ன்னு கூப்பிட்டா. போனேன். தட்டு கீழ கிடந்துது. அவ சுவத்துல சாஞ்ச மாதிரி இருந்தா. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினேன், ரோட்டுல மரம் விழுந்திருக்கு, வர்றோம்னாங்க. அவங்க மேல தப்பில்லை.

பத்தே நிமிஷம் சார். தயாளென் நிக்கிறார் சமையல்கட்டுல. மேலேர்ந்து கீழே வரைக்கும் நனைஞ்சு, முழங்கையில ரத்தம். அந்தக் காத்துல சுவர் ஏறிக் குதிச்சிருக்கார், எழுபத்தொரு வயசுல. பின்கதவு தாழ்ப்பாளை உடைச்சிருக்கார். என் முதல் கேள்வி என்ன தெரியுமா? "உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டேன்.

"நீங்க கத்தினீங்களே முசே"ன்னார்.

நான் கத்தலை. அவர் இன்னைக்கு வரைக்கும் கத்தினேன்னுதான் சொல்றார். எதிர் வீட்டுக்காரங்களும் அதையேதான் சொல்றாங்க. அந்தப் புயல் சத்தத்துல கேட்டுதாம். எல்லாரும் பேசி வச்சுக்கிட்டு சொல்றாங்கபோல. நான் கத்துற ஆள் இல்லை சார்.

அவர்தான் நாடி பார்த்தார். அவளோட கண்ணை மூடி விட்டார். வெளியே போய் ரம்பத்தால கேட்டுல என் பூட்டை அறுத்தார். சாயந்திரத்துக்குள்ள வீடு நிறைய ஆளுங்க. மூணாம் எச்சரிக்கையில எவனும் வெளிய வரக் கூடாது, அதான் சட்டம். வந்தாங்க. கயித்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்தாங்க. பொம்பளைங்க அவளைக் குளிப்பாட்டினாங்க. மறுநாள் காத்து அடங்கினதும் பெட்டி வந்துது. ஒரு பக்கமும் உரசாம உள்ள நுழைஞ்சுது.

மாலை போட்டு வச்சாங்களே போட்டோ, அது எங்க தோட்டத்துல தயாளென் எடுத்ததுதான். என்னை வெட்டிட்டாங்க, ஆனா என் தோள்பட்டை மட்டும் ஓரத்துல தெரியுது. அவ அதுல வாய் விட்டுச் சிரிக்கிறா. நாப்பது வருஷத்துல நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததா ஞாபகம் இல்லை. சவ ஊர்வலத்துல ஊரே நடந்து வந்துது. பின்னாடி வண்டிங்க வரிசையா நின்னுது. ஒருத்தன்கூட ஹாரன் அடிக்கலை.

நிர்மல் நாலாம் நாள்தான் வர முடிஞ்சுது. விமானம் இல்லை, அவன் என்ன பண்ணுவான்? ஆறு நாள் இருந்தான். "அப்பா, எங்ககூட வந்துடுங்க"ன்னான். ஊருக்குப் போனப்புறம் போன்ல, வீடு சின்னது, கோடையில பார்க்கலாம்னான். பார்ப்பான். பிஸி.

அவன் போனப்புறம்தான் அவ சாமானை எடுத்து வச்சேன். கைப்பையில, கர்ச்சீப்புக்குள்ள சுத்தி, ஒரு மாத்திரை அட்டை. நாக்குக்கு அடியில வைக்கிறது, நெஞ்சு வலிக்கு. கூடவே பாரிஸ் டாக்டர் சீட்டு. தேதி பார்த்தேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. நாங்க இங்க கிளம்பறதுக்கும் முன்னாடி.

ரெண்டு வருஷம் சார். ஒரே வீடு. அந்தப் பை தினம் என் கண்ணு முன்னாடி ஆணியில தொங்கிச்சு.

தயாளென்கிட்ட கொண்டு போய்க் காட்டினேன். அவர் ஆச்சரியப்படலை. அவருக்குத் தெரியும். கராஜ்ல எட்டுப் பேருக்கும் தெரியும்.

"என்கிட்ட சொல்லியிருந்தா..."ன்னேன்.

"சொன்னா டிக்கெட் போட்டு பாரிசுக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்களாம். அங்க போனா, தனக்கு அப்புறம் நீங்க ஒரு கதவுக்குப் பின்னாடி தனியா இருப்பீங்களாம். மடாம் முதல்ல உங்க பேரைத்தான் பதிவு பண்ணாங்க முசே. அவங்க பேரை அடுத்த வாரம்தான் எழுதினாங்க."

வீட்டுக்கு வந்துட்டேன்.

ஆனா ஒண்ணு சார், நான் உஷாரா இருந்தேன். இவ்வளவு செஞ்சவங்க சும்மா விடுவாங்களா? எதையோ கேக்கப் போறாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். கருமாதி முடிஞ்சுது, கேக்கலை. ஒரு மாசம் ஆச்சு, ரெண்டு மாசம் ஆச்சு. தினம் யாராவது சாப்பாடு கொண்டு வந்து வச்சுட்டுப் போவாங்க. எதையும் கேக்கமாட்டாங்க. அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துது. கடைசியில மே மாசம் ஒரு நாள் தயாளென் வந்தார். கையில அந்தப் பழைய புத்தகம். நேரா உக்காராம, சுத்தி வளைச்சுப் பேசினார். எனக்குப் புரிஞ்சுபோச்சு. வந்துடுச்சுன்னு நினைச்சேன்.

"முசே, ஒரு உதவி கேக்கணும்."

"கேளுங்க."

"இது சாவு வீட்டுல பாடற புத்தகம். தமிழ்ல இருக்கு. எங்கள்ல யாருக்கும் படிக்கத் தெரியாது. காதால கேட்டதை வச்சுப் பாடிட்டிருந்தோம், பாதி மறந்துபோச்சு. மடாம் வாரா வாரம் வாய்விட்டுப் படிப்பாங்க, நாங்க பிரெஞ்சு எழுத்துல எழுதிக்குவோம். பாதி புத்தகம் முடிஞ்சுது. மீதியை நீங்க..."

"அவ்வளவுதானா?"ன்னேன்.

"அவ்வளவுதான்"னார்.

எனக்கு நம்பிக்கை வரலை. யோசிச்சுச் சொல்றேன்னேன். மூணு வியாழக்கிழமை யோசிச்சேன். அப்புறம், அங்க என்னதான் நடக்குதுன்னு பார்த்துட்டு வந்துடலாம்னு போனேன்.

அவ உக்காந்த பெஞ்சுல இடம் விட்டிருந்தாங்க. உக்காந்தேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, மடாம் சொல்லிக் கொடுத்ததை ஒரு தடவை பாடறோம், தப்பு இருந்தா திருத்துங்கன்னு தயாளென் சொன்னார். எட்டுப் பேரும் நோட்டைப் பிரிச்சாங்க.

சார், வல்லிக்கு ழகரம் வராது. கடைசி வரைக்கும் வரலை. வாழைப்பழத்தை வாளப்பளம்னுதான் சொல்லுவா. கல்யாணமான புதுசுல இருந்து நான் திருத்திக்கிட்டே இருப்பேன். ஆளுங்க முன்னாடிகூடத் திருத்தியிருக்கேன். "நாக்கை மடிக்கணும் வல்லி, எத்தனை தடவை சொல்றது?" அவ ஒரு தடவை சரியா சொல்லப் பார்ப்பா, வராது, சிரிச்சுட்டு விட்டுடுவா.

அந்த எட்டுப் பேரும் பாடினாங்க. "வளித்துணை"ன்னு பாடினாங்க. "அளாதே"ன்னு பாடினாங்க. கரும்பு லாரி எடை போட்ட அந்த மனுஷனோட கரகரத்த குரல்ல, எதிர் வீட்டு அம்மாவோட கீச்சுக் குரல்ல, எல்லாக் குரல்லயும் அவளோட நாக்கு. ஒரு எழுத்து மாறாம அவ சொன்ன மாதிரியே பிடிச்சு வச்சிருக்காங்க.

பாடி முடிச்சுட்டு எல்லாரும் என் முகத்தைப் பார்த்தாங்க.

"எதாவது தப்பு இருக்கா முசே?"ன்னு கேட்டார் தயாளென்.

இல்லைன்னேன். எல்லாம் சரியா இருக்குன்னேன். அப்புறம் புத்தகத்தைப் பிரிச்சு, அவ விட்ட பக்கத்துல இருந்து படிச்சேன். முதல் வரியிலயே ஒரு "வாழ்வு" வந்துது. எட்டுப் பேரும் பேனாவைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க.

"வாள்வு"ன்னுதான் படிச்சேன் சார்.